குழாயைப் பார்த்து வக்கீல் பிடித்தவர்

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், குளியலறைச் சாமான் விற்கும் கடை ஒன்றில் மேலாளர். குழாய், ஷவர், கை கழுவும் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாவற்றையும் மேடை கட்டி, விளக்குப் போட்டு, நகை மாதிரி வைத்திருக்கும் பெரிய கடை. வருகிறவர்கள் தண்ணீர் வராத குழாய்களைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள். அவற்றின் நடுவே டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடந்ததில், உலகத்தில் எது உசத்தி எது மட்டம் என்று சொல்லும் அதிகாரம் தனக்கு வந்துவிட்டதாக மனிதர் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையைக் கலைக்க நான் முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிடுவார். கை அழுக்காக இருக்காது. குழாயைப் பார்க்கப் போகிறார். திரும்பி வரும்போது அந்த வீட்டு மனிதர்களுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கும். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் போனார். வந்து என் மனைவியிடம், "பிளாஸ்டிக் குழாய்தானா?" என்று சாவு விசாரிக்கிற குரலில் கேட்டார். அன்று முதல் எனக்கு அவரைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பல் டாக்டரை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். பல் டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கினார். அதுவும் பிற்காலத்துக்கு நல்லதுதான் என்று சகலை விளக்கம் சொன்னார். தப்பு செய்துவிட்டு அதைப் பூசி மெழுகுவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

மாமனார் போன பிறகு மாமியார் எதற்கெடுத்தாலும், "பெரிய மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கப் போனால் ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டியிருக்கும். நான் சின்ன மாப்பிள்ளை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாமியார் வீட்டில் எனக்கு அந்த வசதி கிடையாது.

வீட்டில் இன்னும் ஒருவன் இருந்தான். என் மைத்துனன், இரண்டு அக்காமாருக்குப் பின் பிறந்தவன். அட்டைப்பெட்டிக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினான். ஒரு நாள் மேலடுக்கிலிருந்து பெட்டிகள் சரிந்து முதுகில் விழுந்தன. டாக்டர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். முதுகு ஆறியது, மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் எழுத மறுத்ததும் வெளியே வாங்க ஆரம்பித்தான். அவனைத் தங்கக் கட்டி என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி, வாயைத் திறந்தால் பொய். ஆனால் விற்கிறவன் இல்லை. பழைய சைக்கிளை விற்றுவிட்டு வாடா என்று அனுப்பினால், பேரம் பேச வெட்கப்பட்டு சும்மா கொடுத்துவிட்டு வந்தவன் அவன்.

கிடங்கு வாசலில் போலீஸ் சோதனை போட்ட அன்று அவன் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் ஒரு பை நிறைய மாத்திரை இருந்தது. கொடுக்கிற ஆள் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொன்னதால், மாத மளிகை வாங்குவதுபோல மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறான். இவ்வளவையும் ஒருத்தனே தின்பானா என்று போலீஸ் கேட்டது. அவன் பயத்தில் வாயையே திறக்கவில்லை. அவன் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

சேதி வந்ததும் மாமியார் வீட்டில் கூடினோம். மாமியார் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் மனைவி செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "முதல்ல ஒரு வக்கீலைப் பார்க்கலாம்" என்றாள். சகலை கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"வக்கீல் அப்புறம். வெளிய என்ன சொல்றதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்."

இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு கவலை யாருக்கு வரும்? அவருக்கு வரும். காரணமும் இருந்தது. அவருடைய முதலாளியின் தங்கை மகளை என் மைத்துனனுக்குக் கேட்டு, பேச்சு பாதி முடிந்திருந்தது. முதலாளி வீட்டோடு சம்பந்தம் என்றால் மேலாளர் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. மைத்துனனின் முதுகு, மாத்திரை, சிறை எல்லாம் அவருக்கு அந்த நாற்காலிக்குப் பின்னால்தான்.

"போதைக்காரன்னு பேர் வந்தா முடிஞ்சது. ஒருத்தனும் பொண்ணு தர மாட்டான்" என்றார். "சினேகிதன் ஒருத்தன் இந்தப் பையை இன்னொருத்தன்கிட்ட சேர்த்துடுன்னு கொடுத்தான், உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்கி வச்சான். நல்ல மனசு, ஏமாந்துட்டான். இதுதான் நம்ம கதை. என்ன அத்தை?"

மாமியார் தலையாட்டினார். 'நல்ல மனசு' என்ற சொல் அவருக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஆமா மாப்பிள்ளை. அவன் அதெல்லாம் தொடமாட்டான்" என்றார். பிள்ளையின் தலையணை உறைக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். என் மனைவி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

என் பள்ளியில் கார் பழக வந்த ஒரு தாதி, குற்ற வழக்கு மட்டுமே நடத்தும் ஒரு பெண் வக்கீலைச் சொன்னார். நானும் சகலையும் போனோம். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒரு குறுகலான அறை. நாற்காலியிலும் வழக்குக் கட்டு, தரையிலும் வழக்குக் கட்டு. வக்கீல் ஐம்பதை நெருங்கியவர். எங்களை உட்காரச் சொல்வதற்குள்ளேயே கேள்விகளை ஆரம்பித்துவிட்டார்.

"சின்னச் சின்னப் பொட்டலமா இருந்ததா, ஒரே பையா? தராசு ஏதாவது எடுத்தாங்களா? போன்ல யார்கிட்ட என்ன பேசியிருக்கான்? போலீஸ்ல வாயைத் திறந்தானா?"

எல்லாவற்றுக்கும் சகலை பதில் சொன்னார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல் அவர் நாக்குக்குப் பழக்கமில்லை.

"நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாது. விடுங்க."

எனக்கு எழுந்து அந்த அம்மாவின் கையைக் குலுக்க வேண்டும்போல இருந்தது. சகலை டையைச் சரிசெய்துகொண்டு தன் கதையை எடுத்துவிட்டார். சினேகிதன், பை, நல்ல மனசு. வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சொல்லிடாதீங்க. நல்லாக் கேளுங்க. வச்சிருந்தான், அது பிடிபட்டது. அதுல பேச்சுக்கே இடமில்லை. எதுக்கு வச்சிருந்தான்கறதுதான் வழக்கு. தான் சாப்பிடத்தான்னா, வைத்தியம், கண்காணிப்பு, அபராதம்னு நான் ஏதாவது பேசலாம். இன்னொருத்தன் கையில கொடுக்கன்னா, அது வேற குற்றம். காசு வாங்கினானா, ஓசியில செஞ்சானா, யாருக்குக் கவலை? கைமாத்தப் போனான். வருஷக்கணக்குல உள்ள உட்காரணும். வாங்கிக்க ஒரு ஆள் இருந்தான்னு போலீஸ் கையில இப்ப எதுவுமே இல்லை. அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கறேன்கறீங்க."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எனக்குப் புரிந்தது. கூரையில் இருந்த பல்லிக்குப் புரிந்திருக்கும். சகலை மட்டும், "அவன் சாப்பிடறவன் இல்லைங்க மேடம், கௌரவமான குடும்பம்" என்றார்.

"அதை அவன் சொல்லட்டும். நான் அவனைத் தனியாப் பார்க்கணும். குடும்பத்து ஆளுங்க யாரும் வேண்டாம்."

"நான் வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை."

"இருங்க. என் கட்சிக்காரன் அவன்தானே, நீங்க இல்லையே. இன்னொண்ணு, விடுதலை வாங்கித் தரேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ற வக்கீல்கிட்ட போகாதீங்க."

சகலை எழுந்தார். "கை கழுவிட்டு வந்துடறேன்."

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி. மாடிப்படியில் இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"குழாய் ஒழுகுது தம்பி. கீழ ஒரு டப்பா வச்சிருக்காங்க. ஒரு வாஷர் மாத்தத் துப்பில்லாதவங்க நம்ம பையனை எப்படி வெளிய கொண்டு வருவாங்க?"

"அண்ணே, குழாய்க்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"தொழில்ல ஜெயிச்சவன் நல்ல குழாய் போடுவான். இது எனக்குத் தெரிஞ்ச மாதிரி உங்களுக்குத் தெரியாது."

கடைசியில் அவர் பிடித்த வக்கீல், அவருடைய முதலாளிக்குக் கடை வாடகைத் தகராறு நடத்திக்கொடுத்தவர். சொத்துப் பாகம், வேலித் தகராறு, வாடகை பாக்கி, இவைதான் அவர் தொழில். அலுவலகத்தில் காலை வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பளபளப்பு. சகலை கை கழுவப் போய், கண் விரிய வந்தார். "திருகவே வேண்டாம் தம்பி. கையை நீட்டினா தண்ணி தானா வருது!" அதோடு வக்கீல் தேர்வு முடிந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், போதை மாத்திரை வழக்கு நடத்தியிருக்கீங்களா?"

"சட்டம் சட்டம்தானே தம்பி" என்று அவர் சிரித்தார். "கவலையை விடுங்க, வெளிய கொண்டு வந்துடலாம்." சகலை மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். நாற்பது வயதில் சகலையிடம் கிள்ளு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். என் மனைவி என்னைவிட அதிகமாகப் போட்டாள். அந்தப் பெண் வக்கீல் சொன்னதை அப்படியே அவள் அம்மாவிடம் சொன்னோம். மாமியார் கேட்டுவிட்டு, "பெரிய மாப்பிள்ளை நமக்குக் கெடுதல் செய்வாரா?" என்றார். செய்ய மாட்டார். கெடுதல் செய்யக் கொஞ்சம் அறிவு வேண்டும். அவர் செய்தது வேறு.

சிறையில் பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மைத்துனன் வேர்த்து ஒழுகி நின்றான். மாத்திரை இல்லாமல் உடம்பு உதறியது. மூக்கைத் துடைக்கக்கூடக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. சகலை வலையில் வாயை வைத்துக் கதையை ஒப்பித்தார். இவன் என்னைப் பார்த்தான்.

"மாமா, அது எனக்குத்தான் மாமா. நான்தான் சாப்பிடறேன். சினேகிதன்னு யாரைச் சொல்ல?"

"மெதுவாப் பேசு!" என்று சகலை சீறினார். "யார் காதுலயாவது விழப்போவுது. வக்கீல் பேசிப்பார், நீ தலையை மட்டும் ஆட்டு."

அவன் இருந்த நிலையில், தலையை வெட்டிக் கொடு என்றாலும் ஆட்டியிருப்பான். அந்த உதறலைக் கண்முன்னால் பார்த்துவிட்டும் 'சாப்பிடாதவன்' என்று கதை கட்ட ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! வெளியே வந்ததும் சகலை சட்டைக் காலரைத் தட்டிவிட்டுக்கொண்டார், அங்கே தூசியாம்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. வாடகை வக்கீல் எழுந்து, தொண்டையைக் கனைத்து, கௌரவமான குடும்பம் என்று ஆரம்பித்தார். என் கட்சிக்காரருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்றார். நண்பர் ஒருவர் வேறொருவரிடம் சேர்க்கச் சொன்ன பையை நல்ல எண்ணத்தில் எடுத்துச் சென்றார் என்றார். வேலித் தகராறில் எல்லைக் கல்லைக் காட்டுவதுபோல அவ்வளவு பெருமையாகக் காட்டினார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொருத்தர்கிட்ட சேர்க்கறதுக்காக எடுத்துட்டுப் போனார். அதைத்தானே சொல்றீங்க?"

"ஆமாங்க ஐயா. அதைத்தான் சொல்றேன்."

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நான் கூடுதலாச் சொல்ல எதுவும் இல்லைங்க" என்றார். அவருடைய வேலையை எங்கள் ஆள் முடித்துக்கொடுத்துவிட்டார். மனு தள்ளுபடி. மைத்துனனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஜட்ஜுக்கு இன்னைக்கு மூடு சரியில்லை" என்று சகலை வராந்தாவில் அறிவித்தார்.

நான் அவர் டையைப் பிடித்திருப்பேன். என் மனைவி முந்திக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகல் கடை மாடிக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பெண் வக்கீல் நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு தனியாகச் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார், முதுகுக்கு மருந்து எழுதிய டாக்டரைத் தேடிப் பிடித்தார், சிறை மருத்துவரைப் பார்க்க வைத்தார். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"டாக்டருங்க சொல்றது பாதிதான். முன்னாடி உங்க பக்கமே வேற மாதிரி சொல்லியாச்சு. ஜட்ஜ் அதைத்தான் பிடிச்சுப்பார். அவனோட ஒரே வீட்ல இருந்த ஆள் நீங்கதான். அவர் கேட்டா நீங்க சொல்லணும், எல்லார் முன்னாடியும். உங்களால முடியுமா?"

"என்ன சொல்லணும்?" என்று மாமியார் கேட்டார்.

"உண்மையை."

மாமியார் சுவரைத் தேடினார். அந்த அறையில் பார்க்கும்படி சுவர்கூட இல்லை, எல்லாம் கட்டுகள்.

புதிய மனு விசாரணைக்கு வந்த நாளில் எல்லோரும் என் காரில்தான் போனோம். சகலையும் ஏறிக்கொண்டார். வராந்தாவில் பார்த்தால் அவருடைய முதலாளி நிற்கிறார். "நம்ம பையனுக்காக வந்திருக்கார். பழியெல்லாம் இன்னைக்கு விலகுதுன்னு நானே வரச் சொன்னேன்" என்றார் சகலை. வக்கீல் மாறியது அவருக்குத் தெரியும். வழக்கு மாறியது மட்டும் மண்டையில் ஏறவில்லை. முதலாளியின் பக்கத்தில் இடம்பிடித்து, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வக்கீல் பேசினார். சுருக்கமாக, குரலை உயர்த்தாமல் பேசினார். அரசு வக்கீல் இந்தமுறை எழுந்தார். "எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, இன்னொருத்தருக்காகத்தான் கொண்டுபோனார்னு இவங்க தரப்பே இதே இடத்துல சொல்லியிருக்காங்க. இப்ப சாப்பிடறவர்ங்கறாங்க. எதைத்தான் நம்பறது?"

நீதிபதி மாமியாரைப் பார்த்தார். "நீங்க அவரோட அம்மாவா? முன்னாடி வாங்க. என்ன சொல்றீங்க?"

மாமியார் போய் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கலைம்மா. சத்தமாச் சொல்லுங்க."

பின்னால் சகலை கனைத்தார். மாமியார் திரும்பிப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கம்பிக்குள் நின்ற பிள்ளையைப் பார்த்தார். என் மனைவி என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. அந்த அம்மா இப்போது வாயை மூடிக்கொண்டால் பையன் நரைத்த தலையோடுதான் வெளியே வருவான்.

"அவன் விக்கறவன் இல்லைங்க" என்றார் மாமியார். குரல் உடைந்து, பிறகு கூடம் முழுக்கக் கேட்டது. "திங்கறவன். முதுகுல அடிபட்டதுலருந்து திங்கறான். தலையணைக்குள்ள வச்சிருப்பான், நான் எடுத்துக் குப்பையில போடுவேன், மறுபடியும் வாங்கிட்டு வருவான். ஒரு வேளை இல்லேன்னா தரையில உருளுவான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு நானும் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். அவ்வளவும் அவனுக்குத்தாங்க. எம்புள்ளை போதைக்காரன்."

நீதிபதி கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப சினேகிதன், பைன்னு வக்கீலை விட்டுச் சொல்ல வச்சது யாரு?"

நான் திரும்பிச் சகலையைப் பார்த்தேன். இதோ எழுந்திருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். இத்தனை வருஷம் பழகியும் நான் அப்படி நினைத்ததுதான் வேடிக்கை. அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

"நான்தாங்க" என்றார் மாமியார். "வெக்கப்பட்டு நான்தான் சொல்லச் சொன்னேன். வேற யாருக்கும் சம்பந்தம் இல்லை."

மருமகன் பெயர் சபையில் கெடக்கூடாது என்று அந்த அம்மா அந்தப் பொய்யையும் தன் தலையில் வாங்கிக்கொண்டார். பிள்ளையின் மானத்தைத் தன் வாயாலேயே விட்டுவிட்டு, இந்த ஆளின் மானத்தைக் காப்பாற்றினார். சகலை நாடாவை நன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஜாமீன் கிடைத்தது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், சொன்ன நாளில் போலீஸ் நிலையத்தில் போய் நிற்க வேண்டும் என்று நிபந்தனை. வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் இனி அதைச் சாப்பிட்டவனின் வழக்காக நடத்தலாம் என்றார் வக்கீல். நல்ல வார்த்தை என்று அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான். சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டார்.

வராந்தாவில் முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாக நடந்தார். சகலை அவருக்குப் பக்கத்தில் அரை ஓட்டமாக ஓடினார். நாங்கள் பின்னால்தான் வருகிறோம் என்பது அவர் நினைவில் இல்லை.

"வயசானவங்க சார், யார்கிட்ட என்ன பேசறோம்னு தெரியலை. அந்தக் கதையெல்லாம் இவங்களா கட்டினது. எனக்கு எதுவுமே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டிருப்பேனா?"

மாமியார் நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. முதலாளியின் கார் போய்விட்டது. சகலை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி எங்கள் காரை நோக்கி வந்தார், ஒன்றுமே நடக்காததுபோல.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கேயே விட்டிருந்த மைத்துனன் என் மனைவியின் தோளில் சாய்ந்து பின் இருக்கையில் இருந்தான். மாமியார் அவனுக்குப் பக்கத்தில் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். பெரிய மாப்பிள்ளையிடம் மரியாதை குறைவாக ஒரு சொல் பேசியறியாத அம்மா, கண்ணாடிக்கு வெளியே நின்ற அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"வண்டியை எடுங்க, சின்ன மாப்பிள்ளை. அவர் பஸ்ல வருவாரு."